என்பிஏவில் புள்ளிகள் ஏன் இவ்வளவு ஏறிவிட்டன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆட்டங்கள் அங்கே இரவில் நடப்பதால் நமக்குக் காலையில் வருகின்றன. எழுந்து கைப்பேசியை எடுத்தால் 131-126, 124-119 என்று ஸ்கோர்கள் வரிசையாக நிற்கும். இருபது வருடத்துக்கு முன்பிருந்து பார்ப்பவர்களுக்கோ 88-84 தான் பழக்கம். அதனால் மாலையில் எங்கள் மைதானத்தில் ஆடி முடித்து உட்காரும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. இப்போது யாரும் தடுப்பதே இல்லையா? விதியை மாற்றிவிட்டார்களா? எல்லாம் தூரத்து ஷாட்டுக்குப் பேர்போன ஸ்டீஃபன் கரி செய்த வேலையா? அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் கீழே.

இப்போது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எத்தனை புள்ளி எடுக்கிறது?

2024-25 சீசனில் சராசரி 113.8. அதற்கு முந்தைய சீசனில் 114.2, அதற்கும் முன்பு 114.7. 2003-04இல் இதே சராசரி 93.4 தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஓர் அணிக்கு இருபது புள்ளி கூடியிருக்கிறது என்றால், ஓர் ஆட்டத்துக்கு நாற்பது. இது சீராக ஏறியதும் இல்லை. பல ஆண்டுகள் நூறை ஒட்டியே தடுமாறிக்கொண்டிருந்தது. 2017-18இல் 106.3, அடுத்த சீசனிலேயே 111.2.

அப்படியானால் வரலாற்றிலேயே இதுதான் அதிகமா?

இல்லை. 1961-62 சீசனில் சராசரி 118.8. அந்த உயரத்தை இன்னும் யாரும் தொடவில்லை.

ஆனால் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பேசினால் தவறான முடிவுக்குத்தான் போவோம். ஒருவர் வீட்டில் எத்தனை மூட்டை நெல் வந்தது என்பதை மட்டும் கேட்டு நிலத்தின் விளைச்சலைச் சொல்ல முடியுமா? எத்தனை ஏக்கர் நட்டார், ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று இரண்டையும் கேட்க வேண்டும். கூடைப்பந்திலும் அப்படித்தான். பந்து ஓர் அணியின் கைக்கு எத்தனை முறை வந்தது என்பது ஏக்கர். ஒவ்வொரு முறையும் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பது விளைச்சல். பந்து இப்படி ஒரு முறை கைக்கு வந்து போவதைத்தான் பொசஷன் என்கிறார்கள்.

1961-62இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 107.7 ஷாட் எறிந்தது. உள்ளே போனது 42.6 சதவீதம். அப்போது டர்னோவரை, அதாவது எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பதை, எண்ணும் வழக்கமில்லை, அதனால் பொசஷனை மதிப்பிடத்தான் முடியும். அந்த மதிப்பீடு சுமார் 126. நூறு பொசஷனுக்கு 94 புள்ளிதான் தேறுகிறது. 2023-24இல் பொசஷன் சுமார் 98. நூறுக்கு 115 புள்ளி. அந்தக் காலத்தில் ஏக்கர் அதிகம், இப்போது விளைச்சல் அதிகம். இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி என்று நான் நம்புகிறேன். ஸ்கோரை மட்டும் வைத்து ஒரு காலத்தைப் புகழ்வதும் இன்னொன்றை இகழ்வதும் சரியில்லை.

வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் எடுத்த 100 புள்ளியை எப்படிப் பார்ப்பது?

1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில், பிலடெல்பியா வாரியர்ஸுக்காக நியூயார்க் நிக்ஸை எதிர்த்து. ஸ்கோர் 169-147. அவர் 63 ஷாட் எறிந்து 36ஐப் போட்டார், ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோவில் 32க்கு 28. கடைசி நிமிடங்களில் அவருக்குப் பந்து போகக் கூடாது என்று நிக்ஸ் மற்றவர்களை ஃபவுல் செய்ய, பந்தைத் திரும்பப் பெற வாரியர்ஸும் ஃபவுல் செய்தது. தொலைக்காட்சிப் பதிவு கிடையாது.

அந்த சீசனில் அவருடைய சராசரி 50.4 புள்ளி, ஓர் ஆட்டத்தில் களத்தில் நின்ற நேரம் சராசரி 48.5 நிமிடம். ஆட்டமே 48 நிமிடம்தான். சமநிலையானால் ஆடும் கூடுதல் நேரமான ஓவர்டைமையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு நிமிடம்கூட அவர் வெளியே உட்காரவில்லை என்று அர்த்தம். ஆட்டத்தின் வேகம் அவருக்கு உதவியது, உண்மை. ஆனால் அதே வேகம் லீகில் எல்லோருக்கும் இருந்தது, வேறு யாரும் ஐம்பதை நெருங்கவில்லை. அவருடைய சாதனையை வேகத்தின் கணக்கில் எழுதிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அதற்கு முன்பு ஆட்டம் எப்படி இருந்தது?

மெதுவாக. நம்ப முடியாத அளவுக்கு மெதுவாக. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. எழுத்துப் பிழை இல்லை, முழு ஆட்டத்தின் ஸ்கோரே அதுதான். லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன் என்ற உயரமான ஆட்டக்காரர் இருந்தார், அவரோடு மோதினால் தோல்விதான். அதனால் பிஸ்டன்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டியது. எறிய வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. லேக்கர்ஸின் 18 புள்ளியில் 15 மைக்கன் எடுத்தது.

முன்னிலையில் இருக்கும் அணி பந்தைப் பதுக்கும், பின்தங்கிய அணி பறிக்க வழியில்லாமல் ஃபவுல் செய்யும். பிறகு ஃப்ரீ த்ரோ. 1953இல் பாஸ்டனும் சிரக்யூஸும் ஆடிய ஒரு பிளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்று) ஆட்டம் நான்கு ஓவர்டைம் போனது. அதில் பாப் கூசி 50 புள்ளி எடுத்தார், அவற்றில் 30 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. பணம் கொடுத்து உள்ளே வந்தவர்கள் இதையா பார்க்க வந்தார்கள்?

24 விநாடி விதி எப்படி வந்தது? அந்த எண் எங்கிருந்து?

பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பதுதான் விதி. சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் போட்ட கணக்கு அது, அவ்வளவு எளிமையானது. ரசித்துப் பார்க்கும்படியான ஆட்டங்களில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 ஷாட் எறிவதைக் கவனித்தார். ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. 120ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான்.

1954-55இல் விதி அமலானது. முந்தைய சீசனில் 79.5ஆக இருந்த சராசரி 93.1ஆக ஏறியது. நான்கே ஆண்டில் நூறைத் தாண்டியது. விதியைக் கொண்டுவந்த சிரக்யூஸே அந்த முதல் ஆண்டில் கோப்பையையும் வென்றது. இந்த ஆட்டத்தைக் காப்பாற்றிய ஒரே ஒரு விதியைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். மூன்று புள்ளிக் கோடுகூட (அதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) இதற்குப் பிறகுதான்.

மைக்கேல் ஜோர்டான் காலத்துக்குப் பிறகு ஸ்கோர் ஏன் அப்படி விழுந்தது?

1980களின் நடுவில் சராசரி 110க்கு மேல் இருந்தது. 1983 டிசம்பர் 13 அன்று டென்வரில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 186-184 என்று மூன்று ஓவர்டைமில் வென்றது. மொத்தம் 370 புள்ளி. அந்த ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்த்து எறிந்த மூன்று புள்ளி ஷாட் நான்கு.

அங்கிருந்து படிப்படியாகச் சறுக்கல். தடுப்பு முரட்டுத்தனமாக மாறியது. பந்தோடு ஓடி வருபவரின் இடுப்பில் கை வைத்து, முன்னங்கையால் தள்ளி, அவர் போக நினைத்த வழியையே மாற்றிவிடுவார்கள். கோச்சுகளும் ஒவ்வொரு முறையும் பந்தை மெதுவாக எடுத்துவந்து, ஒரு பக்கத்தில் ஒருவரை ஒருவர் மோதவிட்டு, மற்ற மூவரை ஓரமாக நிற்க வைக்கும் ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். 1998-99இல் தொழில் தகராறு காரணமாக சீசன் 50 ஆட்டமாகச் சுருங்கியது. பயிற்சியில்லாமல் வந்த ஆட்டக்காரர்கள், நெருக்கி அடைத்த அட்டவணை. சராசரி 91.6. அந்த 24 விநாடியை எண்ணும் ஷாட் கிளாக் வந்த காலத்துக்குப் பிறகு இதைவிடக் குறைவு அதன் முதல் சீசனில்கூட இல்லை.

நடுவில் ஒரு முயற்சி நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 1994-95இலிருந்து மூன்று சீசனுக்கு மூன்று புள்ளிக் கோட்டை எல்லாப் பக்கமும் 22 அடிக்கு உள்ளே இழுத்தார்கள். அணிகள் எறிந்த மூன்று புள்ளி ஷாட் 9.9இலிருந்து 15.3க்குத் தாவியது. ஆனால் புள்ளி ஏறவில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளில் இறங்கவே செய்தது. ஆட்டம் மெதுவாகிக்கொண்டே போனதால், கூடிய விளைச்சலைக் குறைந்த ஏக்கர் விழுங்கிவிட்டது.

2004இல் கோப்பை வென்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸை இந்தக் காலத்தின் உச்சம் எனலாம். எதிரணிக்கு அவர்கள் கொடுத்தது ஆட்டத்துக்கு 84.3 புள்ளிதான். தொடர்ந்து ஐந்து ஆட்டத்தில் எதிரணியை எழுபதுக்குள் நிறுத்தினார்கள். அந்த அணியை எனக்கு மிகவும் பிடிக்கும், இப்போதும். ஆனால் லீகே அப்படி ஆடியபோது பார்க்கும் கூட்டம் சலித்துப்போனதும் உண்மை.

என்ன விதி மாறியது?

இரண்டு கட்டம். 2001-02இல் பழைய தடுப்புக் கட்டுப்பாடுகளை நீக்கி ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஜோன் தடுப்பை அனுமதித்தார்கள். கூடவே, தடுப்பவர் யாரையும் காக்காமல் வளையத்தடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்றார்கள். அரைக்கோட்டைத் தாண்டும் நேரம் பத்திலிருந்து எட்டு விநாடியானது. அடுத்து 2004-05இல், பந்து வைத்திருப்பவர்மேல் கை வைத்துத் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்பாக ஊதத் தொடங்கினார்கள். சராசரி ஒரே சீசனில் 93.4இலிருந்து 97.2 ஆனது.

அந்த சீசனில்தான் ஸ்டீவ் நாஷ் பீனிக்ஸ் சன்ஸுக்குத் திரும்பினார். கோச் மைக் டி'ஆன்டோனி, தடுப்பு அணி நின்று நிதானிக்கும் முன்பே எறிந்துவிடு என்ற பாணியில் அணியை ஓடவிட்டார். சன்ஸ் 110.4 சராசரியோடு 62 ஆட்டம் வென்றது. கோப்பை கிடைக்கவில்லை. அதனால் அன்று பலர் இந்த ஆட்டம் கோப்பைக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். இன்று முப்பது அணியும் ஆடுவது ஏறக்குறைய அந்த ஆட்டம்தான்.

பிறகு 2018-19இல் ஒரு சின்ன மாற்றம்: எதிர்க்கூடையில் தவறிய பந்தை மறுபடி பிடித்தால் 24 விநாடிக்குப் பதில் 14 விநாடிதான். ஆட்டம் இன்னும் கொஞ்சம் விரைந்தது.

எல்லாம் மூன்று புள்ளி ஷாட்டால்தானா?

பெரும்பகுதி ஆம். ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் அல்ல.

முதலில் கணக்கு. மூன்று புள்ளி ஷாட் 36 சதவீதம் உள்ளே போகிறது என்றால், ஒரு ஷாட்டின் மதிப்பு 1.08. கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று எறியும் நீண்ட இரண்டு புள்ளி 40 சதவீதம் போனாலும் மதிப்பு 0.80 தான். ஓர் அடி பின்னால் நகர்ந்தால் லாபம், நகராமல் நின்றால் நஷ்டம். 1979 அக்டோபர் 12 அன்று பாஸ்டனின் கிறிஸ் ஃபோர்ட் என்பிஏவின் முதல் மூன்று புள்ளியைப் போட்டார். அந்த சீசனில் ஓர் அணி ஆட்டத்துக்கு 2.8 முறைதான் முயன்றது. இந்தக் கணக்கு அன்றே அங்கே கிடந்தது. முழுதாக எடுத்துப் பயன்படுத்த முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2014-15இல் முயற்சி 22.4, 2024-25இல் 37.6. அந்த சீசனில் பாஸ்டன் செல்டிக்ஸ் மட்டும் ஆட்டத்துக்கு 48.2 எறிந்தது.

ஸ்டீஃபன் கரியின் பங்கு என்ன? 2015-16இல் அவர் 402 மூன்று புள்ளி போட்டார். அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. நல்ல இடம் தேடி நின்று எறிவதாக இருந்த ஷாட்டை, ஓடிக்கொண்டே, பந்தைத் தட்டிக்கொண்டே, முப்பது அடியிலிருந்து எறியலாம் என்று காட்டினார். தடுப்பவர் அரைக்கோட்டிலேயே வந்து நிற்க வேண்டியதாயிற்று.

இனி, பலர் கவனிக்காத பகுதி. இன்று இரண்டு புள்ளி ஷாட்டுகளும் முன்னைவிட நன்றாக உள்ளே போகின்றன. 2003-04இல் இரண்டு புள்ளி ஷாட்டில் 46 சதவீதம் உள்ளே போனது, 2023-24இல் 54 சதவீதத்துக்கு மேல். ஐந்து பேரும் தூரத்திலிருந்து எறியக்கூடியவர்கள் என்றால் ஐந்து தடுப்பாளரும் வெளியே வந்தாக வேண்டும். வளையத்தடி காலியாகிறது. உள்ளே நுழைபவருக்கு, வளையத்தருகே வந்து போடும் லே-அப் எளிதாகிறது. புரூக் லோபஸ் என்ற ஏழடி சென்டர் (வளையத்தடியில் ஆடும் உயரமானவர்) தன் முதல் எட்டு சீசனில் போட்ட மூன்று புள்ளி மொத்தம் 3. ஒன்பதாவது சீசனான 2016-17இல் மட்டும் 134. ஷகீல் ஓ'நீல் தன் வாழ்நாள் முழுக்கப் போட்டது ஒன்றே ஒன்று. சென்டர்கள் கோட்டுக்கு வெளியே நகர்ந்த அந்த நகர்வுதான் இந்த மாற்றத்தின் இதயம் என்பேன், கரியின் தூரத்து ஷாட்டைவிடவும்.

அப்படியென்றால் இப்போது தடுப்பு என்பதே இல்லையா?

இந்தக் கேள்வி என்னை வருத்தும் கேள்வி. ஆடிப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

2004இல் ஒரு சென்டர் காக்க வேண்டியது வளையத்தைச் சுற்றிய சில அடி. இன்று அதே சென்டர் இருபத்து நான்கு அடி தூரம் வந்து பந்தை எடுத்துவரும் ஒரு வேகமான கார்டை மறிக்க வேண்டும், அடுத்த நொடி திரும்பி ஓடி வளையத்தடியில் குதிக்க வேண்டும், பந்து மூலைக்குப் போனால் அங்கேயும் கை நீட்ட வேண்டும். தள்ளவும் கூடாது. உழைப்பு கூடியிருக்கிறது, ஆனால் வாங்கும் புள்ளியும் கூடியிருக்கிறது. 2025இல் கோப்பை வென்ற ஓக்லஹோமா சிட்டி தண்டர் அந்த சீசனில் லீகிலேயே சிறந்த தடுப்பு அணி. அவர்கள் எதிரணிக்குக் கொடுத்தது ஆட்டத்துக்கு 107.6 புள்ளி. இருபது வருடத்துக்கு முன்பு அந்த எண்ணைக் கேட்டால் மோசமான அணி என்றிருப்போம்.

நட்சத்திரங்கள் கூடி ஆடும் கண்காட்சியான ஆல்-ஸ்டார் ஆட்டத்தை இதோடு சேர்க்க வேண்டாம். 2024இல் அது 211-186 என்று முடிந்தது. அங்கே யாரும் தடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

நடுவர்கள் ஃப்ரீ த்ரோவை அள்ளிக் கொடுப்பதால் ஸ்கோர் ஏறியது என்கிறார்களே?

எண் அப்படிச் சொல்லவில்லை. 1980களின் நடுவில் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 30 ஃப்ரீ த்ரோ கிடைத்தது. 2023-24இல் 22க்கும் குறைவு. தூரத்திலிருந்து எறிபவரை ஃபவுல் செய்வது குறைவு என்பதும் ஒரு காரணம். 2021-22இல், தடுப்பவர்மேல் வேண்டுமென்றே சாய்ந்து எறிந்து ஃபவுல் வாங்கும் வித்தைகளுக்கு லீக் முற்றுப்புள்ளி வைத்தது, சராசரியும் கொஞ்சம் இறங்கியது. நல்ல முடிவு அது.

ஒரே ஆள் 70 புள்ளி எடுப்பது ஏன் இப்போது அடிக்கடி நடக்கிறது?

2023 ஜனவரியில் டோனவன் மிட்செல் 71, பிப்ரவரியில் டேமியன் லில்லார்ட் 71. 2024 ஜனவரி 22 அன்று ஜோயல் எம்பீட் 70, நான்கு நாள் கழித்து லூகா டோன்சிச் 73. ஒரே நட்சத்திரத்தின் கையில் பந்து, சுற்றிலும் நான்கு எறிபவர்கள், நடுவில் திறந்த வெளி. உதவிக்கு இன்னொருவர் வந்தால் மூலையில் ஒருவர் தனியாக நிற்பார். கோபி பிரயன்ட் 2006 ஜனவரி 22 அன்று 81 எடுத்தபோது அவருக்கு இந்த வெளி இருக்கவில்லை. அதனாலேயே அந்த 81 என் மனதில் தனியாக நிற்கிறது.

ஐரோப்பாவிலும் பெண்கள் லீகிலும் ஸ்கோர் ஏன் குறைவு?

முதல் காரணம் நேரம். இரண்டிலும் ஆட்டம் 40 நிமிடம். அங்கே 85 எடுத்தால் 48 நிமிடக் கணக்கில் 102. பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவில் 30 விநாடியாக இருந்த ஷாட் கிளாக் 2006இல் 24 ஆனது, அதன் பிறகு அங்கும் வேகம் கூடியது. 2024இல் ஏ'ஜா வில்சன் ஒரே சீசனில் 1000 புள்ளியைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் ஆனார், சராசரி 26.9.

எல்லா அணியும் ஒரே மாதிரி ஆடுவது சலிக்கவில்லையா?

சில இரவுகளில் சலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2018 மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தொடர்ந்து 27 மூன்று புள்ளியைத் தவறவிட்டது. 2025 பிளேஆஃபில் நிக்ஸை எதிர்த்து பாஸ்டன் 60 எறிந்து 45 தவறியது. போகாத ஷாட்டையே மறுபடி மறுபடி எறிவதைப் பார்க்க மனம் வலிக்கிறது. புள்ளி அதிகமாவது எனக்குப் பிரச்சினை இல்லை. பதினைந்து அடியில் நின்று, ஒரு தோள் அசைவில் ஆளை ஏமாற்றி எறியும் கலை மறைந்துவிடுமோ என்பதுதான் கவலை.

ஆனால் 2024-25இல் 32.7 சராசரியோடு லீகில் முதலாக வந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் ஆடுவதைப் பாருங்கள். அவர் பெரும்பாலும் உள்ளே நுழைந்தும், நடுத்தூரத்தில் சட்டென்று நின்றும்தான் எடுக்கிறார். எல்லோரும் கோட்டுக்கு வெளியே காவல் நிற்கும்போது நடுவில் கிடக்கும் வெளியை அவர் எடுத்துக்கொள்கிறார்.

ஒரு ஸ்கோர் நல்லதா, வெறும் வேகத்தால் வந்ததா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரப் பட்டியலில் நான்கு எண்ணை எடுங்கள். மொத்த ஷாட் முயற்சியிலிருந்து, தாக்கும்போது தவறிய பந்தை மறுபடி பிடித்த ரீபவுண்டைக் கழியுங்கள். டர்னோவரைக் கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.44ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். பெரும்பாலும் இரண்டு ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு பொசஷன் செலவாகும். கூடை போட்ட பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ போன்றவை இருப்பதால் பாதியைவிடக் கொஞ்சம் குறைவாக 0.44.

ஓர் அணி 90 ஷாட், 10 தாக்குதல் ரீபவுண்ட், 13 டர்னோவர், 25 ஃப்ரீ த்ரோ என்று வைத்துக்கொள்வோம். 90இல் 10 போனால் 80, 13 கூட்டினால் 93, ஃப்ரீ த்ரோவுக்கு 11. மொத்தம் 104 பொசஷன். அந்த அணி 120 புள்ளி எடுத்திருந்தால் நூறுக்கு 115. பார்க்கப் பெரிய ஸ்கோர், ஆனால் இன்றைய லீக் சராசரிதான். இதே 120ஐ இன்னொரு அணி 95 பொசஷனில் எடுத்திருந்தால் நூறுக்கு 126, அது அபாரம். எதிரணிக்குத் தனியாகப் போட்டுப் பார்த்தால் அங்கும் ஒன்றிரண்டு கூடக் குறைய அதே பொசஷன்தான் வரும். பந்து மாறி மாறித்தானே கைக்குப் போகிறது.